சேவுக்குப் போட்ட பட்டினி

நல்லகாமனுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. முப்பத்தோரு வருஷம் டவுன் பஸ் ஓட்டி, உட்கார்ந்த இடத்திலேயே சம்பாதித்துச் சாப்பிட்ட மனுஷனைப் பற்றி இப்படிச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அவர் சம்சாரம் அன்னக்கொடியைக் கேளுங்கள், விடிய விடியச் சொல்வாள். சித்திரையில் வேலை ஓய்ந்து வந்ததிலிருந்து ஆனையூர் வீட்டில் அவர் கால் தரையில் பாவவில்லை. வாசலுக்குப் போவார், கேட்டைத் திறப்பார், ரோட்டின் இரண்டு பக்கமும் பார்ப்பார், கேட்டைச் சாத்துவார். மோட்டாரைப் போட்டுவிட்டுத் தொட்டி நிரம்பிவிட்டதா என்று மொட்டைமாடிக்கு நாலு தடவை ஏறி இறங்குவார். தப்பித்தவறி நாற்காலியில் உட்கார்ந்தாலும் வலது கால் மட்டும் ஆக்சிலரேட்டரை மிதித்தபடி ஆடிக்கொண்டே இருக்கும்.

"அந்தக் கால மட்டும் கழட்டி டிப்போவுலயே குடுத்துட்டு வந்திருக்கலாம்ல" என்பாள் அன்னக்கொடி.

இப்படிப்பட்டவர் கையில்தான் இரண்டு முயல் குட்டிகள் வந்து சேர்ந்தன.

அவர் வாங்கவில்லை. ஒரே மகள் திவ்யா வாங்கியது. இன்சூரன்ஸ் கம்பெனியில் கூட வேலை பார்க்கிற பெண் வீட்டில் முயல் குட்டி போட்டிருக்கிறது என்று ஒருநாள் சாயங்காலம் அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினாள். இரண்டும் வெள்ளை. ஒரு கைக்குள் ஒன்று அடங்கும். சீனி, சேவு என்று அவளே பெயரும் வைத்தாள். இரண்டையும் அடையாளம் சொல்ல ஒரே வழிதான் உண்டு: சேவுக்கு இடது காது நுனியில் உளுந்து அளவுக்கு ஒரு சாம்பல் புள்ளி. அவ்வளவுதான். பின்கட்டில் பழைய இரும்புக் கட்டிலைக் கவிழ்த்துப் போட்டு வலை கட்டி, அதற்குள் இரண்டையும் விட்டாள். ஒரு மாதம்கூட முழுசாகப் போகவில்லை, சென்னைக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. விடுதியில் முயலைச் சேர்ப்பார்களா? கல்லூரித் தோழி மைத்ரேயி, இதே ஊர் கே.கே. நகர்க்காரி, நான் வளர்க்கிறேன் என்று ஒத்துக்கொண்டாள். ஆனால் அவள் குடும்பத்தோடு டெல்லியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். வர பத்து நாள் ஆகும்.

கிளம்புகிற அன்று திவ்யா சொன்னாள்: "பத்து நாளுதாம்மா. ஞாயித்துக்கெழம மைத்ரேயி வந்து தூக்கிட்டுப் போயிருவா. அதுவரைக்கும் நீ பாத்துக்க."

நீ என்றது அம்மாவை. அப்பா அங்கேயேதான் நின்றார், அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஒரு கை தூரத்தில். பெட்டி தூக்க ஆள் வேண்டும், முயல் பார்க்க வேண்டாம். வந்ததே கோபம் மனுஷனுக்கு. மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. ரயில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து அன்னக்கொடியிடம் குதித்தார்.

"நான் என்ன செத்தா போனேன்? உசிலம்பட்டிப் பக்கம் வந்து கேட்டுப் பாக்கச் சொல்லு உம்மகள. ஆடு மாடு நடுவுல பொறந்து வளந்தவன்டி நானு. எங்கய்யா கை பட்டா எந்திரிக்காத மாடும் எந்திரிக்கும்."

"அதான் அவ பயப்படுறா" என்றாள் அன்னக்கொடி, முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே.

அவள் எதைச் சொல்கிறாள் என்பது அவருக்குத் தெரியும், நமக்கும் தெரிந்தாக வேண்டும்.

திவ்யாவுக்கு எட்டு வயதில் டெங்கு வந்தது. ரத்தத்தில் அணுக்கள் இறங்கிக்கொண்டே போய், பெரியாஸ்பத்திரி வராந்தாவில் நல்லகாமன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பிள்ளை பிழைத்து வந்தால் குலசாமிக்கு ஒரு கிடா என்று அப்போது நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தாள். அவரும் சொன்னபடி ஒரு வெள்ளைக் கிடாக்குட்டியை வாங்கி வந்து வீட்டில் கட்டினார். அது சாமிக்கு என்று பெரியவர்களுக்குத் தெரியும், சின்னப்பிள்ளைக்கு யார் சொன்னது? பைக் சீட்டில் தாவி ஏறி அங்கிருந்து குதிக்கிறது என்று அதற்கு ராக்கெட்டு என்று பெயர் வைத்தாள். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற சோற்றில் பாதியை மிச்சம் வைத்து அதற்குக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு வருஷம் ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, அதே பைக்கில் திரும்பி வந்து, கிடாயைக் கோயிலுக்குக் கொண்டுபோனார்.

சாயங்காலம் பிள்ளை கேட்டாள். "அத்துக்கிட்டு ஓடிருச்சுத்தா" என்றார். அன்னக்கொடியும் ஆமாம் என்றாள்.

மூன்று நாள் சீருடையோடு தெருத்தெருவாகத் தேடினாள். நோட்டுத்தாளைக் கிழித்து, 'வெள்ளை ஆடு காணவில்லை, பெயர் ராக்கெட், கூப்பிட்டால் வரும்' என்று எழுதிக் கரண்டு கம்பங்களில் ஒட்டினாள். அந்தத் தாள்களைத் தினமும் பஸ் ஓட்டிக்கொண்டு போகிற வழியில் அவர் பார்த்தார். இதில் இன்னொன்றும் இருக்கிறது. கோயிலிலிருந்து தூக்குவாளியில் வந்த கறிக்குழம்பை அவளும் சாப்பிட்டிருந்தாள். இரண்டு மாதம் கழித்து, ஊரில் ஒரு கல்யாண வீட்டில் பெரியப்பா மகன் ஒருவன் அதைச் சிரித்துக்கொண்டே போட்டு உடைத்தான். அன்றைக்குக் கறியை விட்டவள் இன்றுவரை தொடவில்லை. அப்பாவிடம் சண்டை போடவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எதைப் பொறுப்பாக ஒப்படைத்தாலும் அம்மாவிடம்தான்.

நேர்ந்துகொண்டதில் தப்பில்லை என்றுதான் நல்லகாமன் இன்றைக்கும் சொல்வார். பிள்ளை உயிரோடு இருக்கிறாளா இல்லையா? ஆனால் அந்தப் பொய்! பதினாலு வருஷமாகியும் கரண்டு கம்பத்தில் எந்த நோட்டீஸைப் பார்த்தாலும் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அதனால் அன்று முயல் கூண்டுக்கு முன்னால் நின்று அவர் ஒரு முடிவுக்கு வந்தார். அன்னக்கொடியிடம் வாய்விட்டே சொன்னார்.

"ஞாயித்துக்கெழம அந்தப் புள்ள வாரப்ப ரெண்டும் பந்து மாதிரி இருக்கணும். போட்டாவப் பாத்துட்டு திவ்யாவே சொல்லணும், அப்பாகிட்டயே இருக்கட்டும்னு. சொல்றாளா இல்லையா பாரு."

ஃபிரிட்ஜ் கதவில் திவ்யா ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். புல் எப்போதும் கிடக்க வேண்டும், கீரை கொஞ்சம், தண்ணீர், வேறு எதுவும் வேண்டாம். 'வேறு எதுவும் வேண்டாம்' என்பதற்குக் கீழே இரண்டு கோடு வேறு. நல்லகாமன் அதை ஒரு நாளைக்கு ஆறு தடவை படித்தார். அருகம்புல்லுக்காகக் கண்மாய்க்கரை வரை போய்வந்தார். முதல் மூன்று நாள் தாளில் உள்ளபடியே நடந்தது. நாலாம் நாள் கை அரிக்க ஆரம்பித்தது. வெறும் புல்லைத் தின்று எந்தச் சீவன் தேறும்? கன்றுக்குட்டி தேற என்ன கொடுப்பார்கள்? கடலைப்புண்ணாக்கு, தவிடு, ஒரு துண்டு வெல்லம். செல்லூர்ப் பக்கம் போய் மாட்டுத்தீவனக் கடையில் அரைக் கிலோ புண்ணாக்கும் கொஞ்சம் தவிடும் கேட்டு வாங்கினார்; வெல்லம் வீட்டிலேயே இருந்தது. எத்தனை மாடு என்று கடைக்காரர் கேட்டது காதில் விழாத மாதிரி வண்டியை எடுத்தார்.

குட்டிகளுக்கோ கொண்டாட்டம். ஊறிய புண்ணாக்கில் மூஞ்சியைப் புதைத்துக்கொண்டு தின்றன. சேவு கொஞ்சம் அதிகப்பிரசங்கி, சீனியின் பங்கையும் சேர்த்துத் தின்றது. "பாத்தியாடி, எப்படி இறங்குது" என்று அவர் பெருமைப்பட்டார். அன்னக்கொடி தாளைக் காட்டினாள். "எழுதுனவளுக்கு மாடு தெரியுமா?" என்றார். மாட்டுக்கும் முயலுக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவளும் உசிலம்பட்டிக்காரிதான்.

புதன்கிழமை காலையில் சேவு கழிந்திருந்தது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், மத்தளமாகக் கட்டியிருந்தது. உப்புசம். இதற்கு என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டுக்குட்டிக்கும் கன்றுக்கும் அவர் அய்யா செய்ததுதான்: வாயைக் கட்ட வேண்டும். ஒரு பொழுது முழுக்கப் பட்டினி, இரண்டு தடவை ஓமத் தண்ணீர். வயிறு தன்னால் அமுங்கிவிடும். சேவைத் தனியாக ஒரு அட்டைப்பெட்டிக்கு மாற்றி, ஒரு புல் இல்லாமல் துடைத்தெடுத்தார்.

அன்று பகல் முழுக்க அவர் பெட்டியைச் சுற்றினார். வாசலுக்குப் போவார், திரும்பி வருவார், எட்டிப் பார்ப்பார். சேவு மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது. "சமத்தா இருக்கு. கத்தல, குதிக்கல" என்றார். வியாழக்கிழமை காலையில் பெட்டிக்கு அருகில் குனிந்து காதைக் கொடுத்தார். நறநறவென்று மெல்லிய சத்தம் வந்தது. அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அடியே, இங்க வா! அசை போடுது! வயிறு திறந்திருச்சு!"

இரண்டு பேரும் குனிந்து கேட்டார்கள். அருகம்புல்லைக் கொண்டுவந்து மூக்குக்கு நேராக நீட்டினார். சேவு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கீரையை நீட்டினார். கண்ணைச் சுருக்கிக்கொண்டது. அன்னக்கொடி பெட்டியின் தரையைத் தடவிப் பார்த்தாள்.

"ஏங்க, நேத்திலேர்ந்து ஒரு புழுக்கைகூடப் போடலயே."

அவர் வலது கால் ஆட்டத்தை நிறுத்தியது.

வண்டியின் முன்னால் பெட்டியை வைத்துக்கொண்டு கே.கே. நகருக்குப் போனார். போகிற வழியில் இருக்கிற ஒவ்வொரு வேகத்தடையையும் மனதுக்குள் வைதார். கால்நடை மருத்துவர் குருபிரசாத் சின்ன வயதுக்காரர், நாய் பூனை பார்க்கிற கிளினிக் வைத்திருந்தார். சேவின் வயிற்றில் கருவியை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"எப்ப சார் கடைசியா சாப்ட்டுது?"

"நேத்துக் காலைல."

"அதுக்கப்புறம் அதுவா சாப்பிடலையா?"

"நாந்தான் வாயக் கட்டுனேன். உப்புசமா இருந்துச்சு. காலைல பரவால்லைங்க, அசை போட ஆரம்பிச்சிருச்சு."

மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார். "முயல் அசை போடாது சார். அது மாடு இல்ல. வலி தாங்காம பல்லக் கடிக்குது."

நல்லகாமனுக்கு அந்த இடத்திலேயே தரை நழுவியது. அது வலியில் பல்லைக் கடித்ததையா பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் காது கொடுத்துக் கேட்கச் சொன்னோம்! அட பாவி மனுஷா!

குருபிரசாத் திட்டவில்லை, என்னென்ன தின்றது என்று கேட்டுக்கொண்டு விளக்கினார். முயல் வயிறு நிற்கவே கூடாது, ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், எந்நேரமும் புல் உள்ளே போனால்தான் அது ஓடும். தவிடும் புண்ணாக்கும் வெல்லமும் சேர்ந்து வயிற்றைக் கெடுத்தது, பட்டினி அதை நிறுத்தியே விட்டது. தோலுக்கடியில் மருந்துத் தண்ணீர் ஏற்றினார், வலிக்கு ஊசி போட்டார். அடைப்பு இருக்கிற மாதிரித் தெரியவில்லை என்றார். ஒரு பொடியைக் கொடுத்து, கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் மூன்று மணிக்கொரு தடவை வாயோரமாகக் கொடுக்கச் சொன்னார். மடியில் வைத்து வயிற்றை மெல்லத் தடவிவிட வேண்டும். மிரளக் கூடாது.

"பொழச்சிருமா?"

"புழுக்கை போடணும். அதான் கணக்கு. ரெண்டு நாள் பாப்போம்."

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அன்னக்கொடியிடம் சொன்னார்: "திவ்யாகிட்டச் சொல்லாத."

மதியம் ஒரு மணிக்கு விருமாண்டி வந்தான். நல்லகாமன் பஸ்ஸில் பத்து வருஷம் கண்டக்டராக இருந்தவன், எதற்கும் குறுக்கு வழி வைத்திருப்பான். விஷயத்தைக் கேட்டதும் யோசிக்கக்கூட இல்லை.

"இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்களேண்ணே? இது போச்சுன்னா இதே மாதிரி வெள்ளைக்குட்டி ஒண்ணு வாங்கி உள்ள விட்ருவோம். காதுல புள்ளிதான? மையி இருக்குல்ல?"

நல்லகாமன் அவனை முறைத்தார். ஆனால் கை வண்டிச் சாவியைத் தேடிப் போனதும் உண்மை. அந்த நேரம் பார்த்து வீடியோவில் திவ்யா கூப்பிட்டாள். அலுவலகச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, ரெண்டையும் காட்டுங்க."

அவர் சீனியைத் தூக்கிக் காட்டினார். செல்போனைக் கீழே சாய்த்து, ஏதோ தடுமாறுகிற மாதிரி நடித்து, அதே சீனியை வலது பக்கமாகத் திருப்பித் திரும்பவும் காட்டினார். இடது காது தெரியாமல் பார்த்துக்கொண்டார். "இந்தா, இது சேவு" என்றார். குரல் அவருக்கே வேறு யாருடையதோ போலிருந்தது.

திவ்யா கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிப்பா" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

"பாத்தீங்களா!" என்று விருமாண்டி தொடையில் தட்டிச் சிரித்தான். "அம்புட்டுதாண்ணே வேலை. அவளுக்கு எங்க தெரியப் போகுது!"

பெரியப்பா மகனும் இப்படித்தான் சிரித்தான். நல்லகாமன் விருமாண்டியைக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் விட்டு, "கெளம்பு மாப்ள, அப்புறம் பேசுவோம்" என்று சாத்தினார்.

அதற்குப் பிறகு அவர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. சேவுக்கு மருந்து கொடுக்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் நடந்தார். வாசல், பின்கட்டு, மாடி, மறுபடி வாசல். போனை எடுப்பார், வைப்பார். தண்ணீர் குடிக்க உள்ளே போய்க் குடிக்காமல் திரும்புவார். அன்னக்கொடி துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஆறு மணிக்கு மொட்டைமாடியில், தொட்டிக்குப் பின்னால் நின்று, மகளைக் கூப்பிட்டார்.

"ஆத்தா, நான் ஒண்ணு சொல்லணும். குறுக்க பேசாமக் கேளு. சேவுக்கு உடம்பு சரியில்ல. நாந்தான் தப்புப் பண்ணேன். புண்ணாக்கு வெச்சேன், அப்புறம் பட்டினி போட்டேன். அது வலியில பல்லக் கடிச்சத அசை போடுதுன்னு நெனச்சேன். மதியம் ஒனக்குக் காட்டுனது..."

"சீனியவே ரெண்டு தடவ காட்டுனீங்க" என்றாள் திவ்யா.

அவர் தொட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா பன்னண்டு மணிக்கே சொல்லிருச்சுப்பா. நீங்க சொல்றீங்களான்னு பாக்கத்தான் வீடியோ போட்டேன். அடுத்த மருந்து எத்தன மணிக்கு?"

"ஏழு மணிக்கு."

"போய்க் குடுங்க."

அவ்வளவுதான். வைத்துவிட்டாள். நாலு வார்த்தை வைதிருந்தால் மனுஷன் நிம்மதியாகியிருப்பார். கீழே இறங்கி வந்தபோது அன்னக்கொடி நிமிராமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"போட்டுக் குடுத்துட்டியேடி!"

"ஒரு தடவ ஒங்களுக்காகப் பொய் சொன்னேன். பதினாலு வருசமா எம்மக என்னையும்தான் ஒரு மாதிரி பாக்குறா. இனி நம்மால முடியாது சாமி" என்றாள். அவர் பொடியைக் கரைக்கப் போனார்.

வெள்ளிக்கிழமை அவர் கற்றுக்கொண்ட பாடம் உட்காருவது. நாற்காலியில் உட்கார்ந்து துண்டில் சுற்றிய சேவை மடியில் வைத்தால் வலது கால் ஆடும். கால் ஆடினால் சேவு விறைத்துக்கொள்ளும். மிரளக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். காலை அமுக்கிப் பார்த்தார், கட்டை விரலை ஊன்றிப் பார்த்தார், கேட்கவில்லை. கடைசியில் தரையில் சம்மணம் போட்டு, இரண்டு காலையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பூட்டி உட்கார்ந்தார். முட்டி கடுத்தது. அசையவில்லை. ஒரு விரலால் அந்தச் சின்ன வயிற்றைத் தடவிக்கொண்டே, "ஓடுறா ராசா, ஓடு, நிக்காத" என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார். சிரிஞ்சு மருந்தில் பாதி உள்ளே போனது, பாதி அவர் வேட்டியில் போனது. துண்டை விரித்துப் பார்ப்பார். ஒன்றும் இருக்காது. அறுபது வயது மனுஷன் ஒரு புழுக்கைக்காகத் துண்டை உதறி உதறிப் பார்த்ததை அவர் டிப்போக்காரர்கள் பார்த்திருக்க வேண்டும்.

திவ்யா ஒவ்வொரு மருந்து நேரத்துக்கும் செய்தி அனுப்பினாள். 'குடுத்தாச்சா?' 'குடுத்தாச்சு.' 'போட்டுச்சா?' 'இல்ல.' அதற்கு மேல் ஒரு எழுத்து கிடையாது.

சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். துண்டை விரித்தார். நடுவில் மிளகு அளவுக்கு, கறுப்பாக, கல்லு மாதிரி ஒன்று கிடந்தது. விரலால் தொட்டுப் பார்த்தார். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. மொத்தம் நாலு.

"அன்னக்கொடி!" என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அவள் கரண்டியோடு ஓடி வந்தாள். அவர் உள்ளங்கையில் நாலு புழுக்கையையும் ஏந்திக்கொண்டு, கோயில் பிரசாதத்தைக் காட்டுகிற மாதிரி நீட்டினார். கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை இல்லை. அவளும் அழுதாள். அப்புறம் சிரித்தாள். அப்படியே படம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்.

'இன்னும் வரணும்' என்று பதில் வந்தது.

வந்தது. சாயங்காலத்துக்குள் இருபதுக்கு மேல் வந்தது. இருட்டுவதற்கு முன்னால் சேவு ஒரே ஒரு அருகம்புல்லை ஒரு முனையில் பிடித்து, யோசித்து யோசித்து, மறுமுனை வரைக்கும் தின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை மைத்ரேயி வந்தாள். ஸ்கூட்டரின் பின்னால் ஒரு புதுக் கூண்டு கட்டியிருந்தாள். நல்லகாமன் ஆறு மணியிலிருந்தே எல்லாவற்றையும் தயார் செய்து வைத்திருந்தார். ஒரு பையில் புல், ஒரு பையில் மருந்து, சிரிஞ்சு, எந்தெந்த நேரம் எவ்வளவு என்று அவர் கையெழுத்தில் ஒரு தாள். 'வேறு எதுவும் வேண்டாம்' என்பதற்குக் கீழே அவரும் இரண்டு கோடு போட்டிருந்தார். பந்து மாதிரி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட இரண்டில் ஒன்று எலும்பும் தோலுமாக இருந்தது. இனி எதைச் சொல்லி, எந்த வாயால் கேட்பது?

"கொண்டு போத்தா" என்றார் மைத்ரேயியிடம். "இந்தச் சேவ மட்டும் கொஞ்சம் பத்திரமா வெச்சுக்க. மூணு மணிக்கொருக்க மருந்து. பல்லக் கடிச்சா வலின்னு அர்த்தம். அசை போடுதுன்னு நெனச்சிராத."

மைத்ரேயி சேவைத் தூக்கி உற்றுப் பார்த்தாள். "இப்போ தேவலையே அங்கிள். ஒரு நிமிஷம், திவ்யாகிட்டப் பேசிடறேன்." கூப்பிட்டு நாலு வார்த்தை பேசிவிட்டு, போனை அவரிடம் நீட்டினாள். "உங்ககிட்ட ஏதோ கேக்கணுமாம்."

அவர் வாங்கினார். அந்தப் பக்கம் சென்னைத் தெருவின் ஹாரன் சத்தம் கேட்டது.

"அப்பா, நம்ம வீட்ல ஒரு ஆட்டுக்குட்டி இருந்துச்சுல்ல. அது பேரு என்ன?"

அன்னக்கொடி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். பதினாலு வருஷமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத பெயர்.

"ராக்கெட்டு" என்றார் நல்லகாமன். "அது ஓடிப்போகலத்தா. ஒனக்குக் காய்ச்சல்ல நேந்துக்கிட்டது. ஒன்னிய பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வந்து நாந்தான் கொண்டு போனேன். ஒங்கிட்டச் சொல்லல. அந்தக் கறியவும் ஒனக்கே போட்டேன். நீ எழுதி ஒட்டுன நோட்டீசு அம்புட்டையும் பாத்துக்கிட்டேதான் பஸ் ஓட்டுனேன்."

ஹாரன் சத்தத்துக்கு நடுவே மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

"மைத்ரேயிய வெறுங்கையோட அனுப்பிருங்கப்பா" என்றாள் திவ்யா. "ரெண்டும் உங்ககிட்டயே இருக்கட்டும். பட்டினி மட்டும் போட்ராதீங்க."

அவர் தலையை ஆட்டினார், போனில் தலையாட்டினால் தெரியாது என்பது உறைக்காமலே. மைத்ரேயி போனை வாங்கிக்கொண்டாள். மணி பத்தாகியிருந்தது, மருந்து நேரம். நல்லகாமன் தரையில் சம்மணம் போட்டு, இரண்டு காலையும் பூட்டி உட்கார்ந்துகொண்டு, சேவைக் கொடுக்கச் சொல்லிக் கையை நீட்டினார்.